மாசமாக இருக்கும்போது நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், உப்புசம்: நான் செய்து பார்த்துப் பலன் கண்டவை

தலைச்சன் பிள்ளைக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, நான் படுத்துத் தூங்கிய இரவுகளைவிடச் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்த இரவுகள்தான் அதிகம். படுத்தால் போதும், சாப்பிட்டதெல்லாம் புளித்துத் தொண்டைவரை எதுக்களித்து வரும், மார்பெலும்புக்குப் பின்னால் மிளகாய்ப்பொடி தூவினாற்போல எரியும். அம்மாவிடம் சொன்னால் "பிள்ளைக்குத் தலை நிறைய முடி இருக்கும், அதனாலதான்" என்பார். இதை வெறும் கட்டுக்கதை என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 64 கர்ப்பிணிகளை வைத்து இதையே சோதித்து 2006இல் எழுதியிருக்கிறார்கள்: நெஞ்செரிச்சல் அதிகம் இருந்த 28 பேரில் 23 பேருக்குப் பிறந்த குழந்தைகளுக்கு முடி சராசரியாகவோ அதற்கு மேலோ இருந்ததாம். சின்ன ஆய்வுதான், ஆனால் அம்மா சொன்னது பொய்யில்லை போல. எனக்கு அப்போது வேண்டியிருந்ததெல்லாம் நான்கு மணி நேரத் தூக்கம்.

இரண்டாவது பிள்ளைக்கும் இதே தொந்தரவுகள் வந்தன, ஆனால் பாதியளவுகூட வாட்டவில்லை. சாப்பாட்டையே மாற்றினேன் என்று சொல்ல முடியாது, அதே சாம்பார், அதே ரசம், அதே இட்லிதான். எப்போது சாப்பிடுகிறேன், ஒரு தடவைக்கு எவ்வளவு, சாப்பிட்டபின் என்ன செய்கிறேன், எந்த மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறேன் என்று நேரங்களை மாற்றினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, இரண்டு பிள்ளை பெற்றவள். மருத்துவரும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரும் சொல்லிக் கொடுத்ததையும் வீட்டில் செய்து பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் எளிது. கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், கருப்பை சுருங்கிவிடாமல் இருக்க அதன் தசையைத் தளர்த்தி வைக்கிறது. ஆனால் அது கருப்பையோடு நிற்பதில்லை, உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் மூடி போல இருக்கும் தசையையும், குடலையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது. மூடி தளர்ந்தால் அமிலம் மேலே வரும், அதுதான் நெஞ்செரிச்சல். குடல் மெதுவானால் உணவு அதிக நேரம் உள்ளே கிடக்கும், பெருங்குடல் அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகிப்போகும், வாயுவும் சேரும். கடைசி மூன்று மாதங்களில் வளர்ந்த கருப்பை இரைப்பையை மேலே தள்ளுவதால் இடமும் குறைந்துவிடுகிறது. நீங்கள் எதையோ தப்பாகச் சாப்பிட்டதால் வந்த தண்டனை இல்லை இது, யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நெஞ்செரிச்சலுக்கு

முதல் வேலை, ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் கொண்டுவருவது. எங்கள் வீட்டில் எல்லோரும் வந்து சேர்ந்து ஒன்பதரைக்குத்தான் சாப்பிடுவோம், பத்து மணிக்குப் படுக்கை. இரைப்பை நிறைந்திருக்கும்போது மூடி தளர்ந்த பாட்டிலைப் படுக்கப்போட்டால் என்ன ஆகும், அதுதான் தினமும் நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் 2 முதல் 3 மணி நேரம் வேண்டும். எனக்காக ஏழு மணிக்கே இரண்டு இட்லியோ தோசையோ ஊற்றிக்கொள்வேன், மற்றவர்கள் சாப்பிடும்போது கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். மருமகள் தனியாக முன்னாடியே சாப்பிடுவதா என்று சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். மருத்துவர் சொன்னார் என்று தைரியமாகச் சொல்லுங்கள், உண்மையில் எந்த மருத்துவரும் இதைத்தான் சொல்வார்.

இரண்டாவது, அளவு. "ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று தட்டில் குவிப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 350 கலோரி. மூன்று இட்லி, ஒரு கரண்டி சாம்பார், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான் அது. அதையும் ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைச் சாப்பாட்டைச் சின்னச் சின்னதாக ஆறாகப் பிரித்துவிடுங்கள். காலை ஏழரைக்கு இரண்டு இட்லி, பத்தரைக்குக் கொஞ்சம் சுண்டலோ பழமோ, ஒரு மணிக்கு வழக்கமான சோற்றில் முக்கால் பங்கு, நாலரைக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையோ அவலோ, ஏழுக்கு ராத்திரிச் சாப்பாடு, பசித்தால் எட்டரைக்குள் ஒரு டம்ளர் மோர் என்று எனக்கு ஓடியது. வேலைக்குப் போகிறவர்கள் பத்தரை மணிக்கும் நாலரை மணிக்கும் சாப்பிட ஒரு சின்ன டப்பாவைத் தனியாகக் கட்டிக்கொண்டு போங்கள், பசியில் கிடந்துவிட்டு ஒரேயடியாகச் சாப்பிடுவதுதான் எரிச்சலை அதிகமாக்கும்.

தண்ணீரைச் சாப்பாட்டின்போது செம்பு செம்பாகக் குடிக்காமல், சாப்பாட்டுக்கு நடுவிலிருக்கும் நேரங்களில் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.

எந்தப் பண்டம் எரிச்சலைக் கிளப்புகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக எண்ணெயில் பொரித்தது, காரக் குழம்பு, புளி அதிகமான குழம்பு, ஊறுகாய், காபி, சாக்லேட் ஆகியவற்றின் மேல்தான் சந்தேகம் வரும், ஆனால் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் சாப்பிட எதுவுமே மிஞ்சாது, கர்ப்பிணி பட்டினி கிடக்கக் கூடாது. ஒரு வாரம் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு எரிந்தது என்று குறித்தேன். எனக்கு வத்தக்குழம்பு ராத்திரியில் ஆகவே ஆகாது, அதையே மதியம் சாப்பிட்டால் ஒன்றும் செய்யவில்லை. காபி வெறும் வயிற்றில் எரித்தது, டிபனுக்குப் பிறகு பாதி டம்ளர் பரவாயில்லை. இப்படி உங்களுக்கான இரண்டு மூன்று எதிரிகளைக் கண்டுபிடித்து அவற்றை மட்டும் தள்ளி வைத்தால் போதும்.

குங்குமப்பூப் பாலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். படுக்கப் போகும்போது ஒரு பெரிய டம்ளர் பால் கொடுப்பது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம். குடித்தவுடன் எரிச்சல் அடங்கினாற்போல இருக்கும், ஆனால் பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் கொஞ்ச நேரத்தில் இரைப்பையை மறுபடி அமிலம் சுரக்க வைத்துவிடும், அதுவும் நீங்கள் படுத்திருக்கும் நேரத்தில். பாலை நிறுத்த வேண்டாம், சாயங்காலம் ஆறு மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் படுக்கை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரைப்பையின் அமைப்பே அப்படி, இடது பக்கம் படுத்தால் அமிலம் உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தங்கும், வலது பக்கம் படுத்தால் வாய்க்கு நேராக வந்துவிடும். ஏழாம் மாதத்திலிருந்து மல்லாந்து தூங்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது, அது குழந்தைக்குப் போகும் ரத்த ஓட்டத்துக்காக. தலைப்பக்கத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்தினால் எரிச்சல் நன்றாகக் குறையும், அதற்குத் தலையணை மேல் தலையணை அடுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அப்படிச் செய்தால் கழுத்து மட்டும் வளையும், வயிறு மடிந்து இன்னும் அழுந்தும். கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல்லோ மரக்கட்டையோ நகராதபடி வைத்து, கட்டில் முழுவதும் சரிவாக இருக்கும்படி செய்யுங்கள், ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பாயில் படுப்பவர்கள் மெத்தைக்கு அடியில் பழைய ஜமக்காளம், போர்வைகளை இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக ஏறும்படி மடித்து வைக்கலாம், நான் அம்மா வீட்டில் அப்படித்தான் படுத்தேன்.

யாரும் சொல்லாத ஒன்று, பாவாடை நாடா. வயிறு பெரிதாகப் பெரிதாக நாடாவை மேலே ஏற்றி இறுக்கிக் கட்டுகிறோம், அது சரியாக இரைப்பையின் மேல் உட்கார்ந்து அழுத்துகிறது. வயிற்றுக்குக் கீழே தளர்வாகக் கட்டுங்கள், வீட்டில் இருக்கும்போது நைட்டியே போதும். சாப்பிட்டவுடன் குனிந்து கூட்டுவது, கோலம் போடுவது, துணி அலசுவது எல்லாமே அமிலத்தை மேலே தள்ளும். சாப்பிட்ட பின் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள், குனிகிற வேலையை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள் அல்லது வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

வளைகாப்பு அன்று ஐந்து வகைக் கலவை சாதமும் ஒரே தட்டில் வரும், புளியோதரை, எலுமிச்சை, தேங்காய் என்று. எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு வாய் எடுத்துக்கொள்ளுங்கள், தயிர் சாதத்தில் வயிற்றை நிரப்புங்கள். எனக்குத் தெரிந்த எல்லாப் பெண்களும் அன்று ராத்திரிதான் தூங்காமல் தவித்திருக்கிறார்கள்.

இத்தனையும் செய்தும் எரிந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய அமிலநீக்கி சிரப்புகளும் மாத்திரைகளும் இருக்கின்றன, சகித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. நீங்களாகவே மருந்துக்கடையில் வாங்கக் கூடாது, அதிலும் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதும் ஈனோ போன்ற நுரைக்கும் உப்புகளும் வேண்டவே வேண்டாம். அவற்றிலுள்ள சோடியம் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளச் செய்யும், ஏற்கெனவே கால் வீங்கும் காலம் இது. இன்னொன்று, அமிலநீக்கி சிரப்பையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக எடுத்தால் இரும்பு உடம்பில் சேராது. நடுவில் 2 மணி நேரமாவது விடுங்கள்.

மலச்சிக்கலும் அந்தச் சிவப்பு மாத்திரையும்

இதை எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். முதல் கர்ப்பத்தில் இரும்புச்சத்து மாத்திரையை மூன்று வாரம் யாருக்கும் தெரியாமல் கொல்லைப்புறத்தில் எறிந்துகொண்டிருந்தேன். அதைப் போட்டால் வயிறு கட்டிக்கொள்ளும், நான்கு நாளைக்கு ஒருமுறைதான் போகும், அதுவும் கண்ணீர் வர. அடுத்த பரிசோதனையில் என் ஹீமோகுளோபின் 8.6க்கு இறங்கியிருந்தது. செவிலியர் அக்கா கோபப்படவில்லை, "எறிஞ்சியா?" என்று மட்டும் கேட்டார், நான் அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததுதான் இந்தப் பகுதி முழுவதும். நம் ஊரில் பிரசவத்தின்போது ரத்தம் போவதைத் தாங்க உடம்பில் ரத்தம் வேண்டும், அந்த மாத்திரையை எறிவது அதில் கை வைப்பது. மாத்திரையை விட்டுவிடாமல் வயிற்றைச் சரிசெய்யும் வழி இருக்கிறது.

அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன, நான்காம் மாதத்திலிருந்து 180 நாள் போட வேண்டும். கூடவே கால்சியம் 500 மில்லிகிராம் இரண்டு வேளை. இரண்டையும் ஒரே கையில் வைத்து விழுங்குவதுதான் பலர் செய்வது, கால்சியம் இரும்பை உள்ளே சேரவிடாது. உடம்பில் சேராத இரும்பு குடலிலேயே கிடந்து வயிற்றைக் கெடுக்கும். எனக்கு அவர் போட்டுக் கொடுத்த நேரம் இது: காலை டிபனோடு ஒரு கால்சியம், மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, மூன்று மணி வாக்கில் இரும்பு, அதை அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு அல்லது ஒரு நெல்லிக்காயோடு, ராத்திரிச் சாப்பாட்டோடு இரண்டாவது கால்சியம். வைட்டமின் சி இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும், டீயும் காபியும் அதைத் தடுக்கும், அதனால் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இரண்டும் கூடாது. எலுமிச்சை நெஞ்சை எரித்தால் கொய்யாத் துண்டு சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ போனால் பயப்படாதீர்கள், அது இரும்பின் நிறம். ஆனால் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் உடனே காட்டுங்கள்.

இப்படிப் போட்டும் தாங்கவில்லை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள். வேறு வகை இரும்பு மாத்திரைக்கு மாற்றலாம், ரத்தம் மிகக் குறைவாக இருந்தால் ஊசி வழியாகவும் இரும்பு ஏற்றுவார்கள்.

மலச்சிக்கலுக்கு மருந்துக்கு முந்தியது தண்ணீர். ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர், கோடையில் இன்னும் கூட. தாகம் எடுக்கும்போது குடிப்போம் என்று இருந்தால் ஒன்றரை லிட்டர்கூடப் போகாது. நான் ஒரு லிட்டர் பாட்டிலை மூன்று முறை காலி செய்வது என்று வைத்துக்கொண்டேன், முதல் பாட்டில் பதினொரு மணிக்குள், இரண்டாவது மூன்றரைக்குள், மூன்றாவது ஏழரைக்குள், அதற்குப் பிறகு குடித்தால் ராத்திரி முழுவதும் பாத்ரூமுக்கு நடக்க வேண்டியிருக்கும். அலுவலகத்தில் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர், அதற்கு மலச்சிக்கல் மட்டுமில்லை, சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து வரும்.

அடுத்தது நார்ச்சத்து. 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, விலையும் குறைவு, எனக்கு அதுதான் கைகொடுத்தது. கீரை, அவரைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ, முழுப் பயறு, கேழ்வரகு எல்லாம் நம் சமையலில் இருப்பவைதான், தினமும் மதியம் சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் ஒரு கிண்ணம் பொரியலோ கூட்டோ அதிகமாகப் போட்டுக்கொண்டால் போதும். ராத்திரி பத்துப் பன்னிரண்டு உலர் திராட்சையோ இரண்டு அத்திப்பழமோ ஊறவைத்துக் காலையில் அந்தத் தண்ணீரோடு சாப்பிடலாம், கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் இதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நாரை ஒரே நாளில் ஏற்றாதீர்கள், உப்புசம் வந்து அதையும் விட்டுவிடுவீர்கள். தண்ணீரைக் கூட்டாமல் நாரை மட்டும் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பப்பாளியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பாலோடு இருக்கும் பப்பாளிக்காயும் அரைப்பழமும் வேண்டாம், அந்தப் பாலில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை இருக்கிறது. நன்றாகக் கனிந்த பழத்தில் அந்தப் பால் பெரும்பாலும் போய்விடுகிறது. ஆனாலும் வீட்டில் பயப்படுகிறார்கள் என்றால் அதற்காக ஒரு சண்டை வேண்டாம், கொய்யாவே அந்த வேலையைச் செய்துவிடும்.

காலையில் எழுந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், டிபன், டிபன் முடிந்து பதினைந்து இருபது நிமிடத்தில் கழிப்பறை. வயிற்றுக்குள் உணவு போனதும் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தை விட்டுவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போகலாம், பஸ் போய்விடும் என்று அடக்கினால் பிறகு வராது. நாட்டுக் கழிப்பறையில் குந்தி உட்காருவது மலம் கழிக்க நல்லதுதான், மாதம் ஏற ஏற எழுந்திருக்கப் பிடிமானம் வேண்டும், சுவரில் ஒரு கைப்பிடி அடித்துத் தரச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலுக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி வைத்து முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். முக்காதீர்கள், மூலம் வருவதே அதனால்தான். வந்துவிட்டால் அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வலி தணியும். ரத்தம் பட்டால் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல், எங்கிருந்து வருகிறது என்று மருத்துவர் பார்க்கட்டும்.

இதற்கும் மசியவில்லை என்றால் இசப்கோல் உமி ஒன்றிரண்டு டீஸ்பூன், ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். மற்ற மாத்திரைகளிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி. மருத்துவர்கள் லாக்டுலோஸ் சிரப்பும் எழுதிக் கொடுப்பார்கள். விளக்கெண்ணெய் மட்டும் கூடாது, யார் சொன்னாலும் கூடாது. அது குடலை மட்டுமில்லாமல் கருப்பையையும் சுருங்க வைக்கும். நிலாவாரைப் பொடி, பேதி மாத்திரை, பெயர் தெரியாத சூரணம் எதுவும் தானாக வேண்டாம்.

உப்புசம், வாயு

இதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலச்சிக்கல் சரியானால் பாதி உப்புசம் தானாகப் போய்விடும். கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணியை ராத்திரி முழுவதும் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். தாளிப்பில் பெருங்காயமும் சீரகமும் வழக்கமான அளவில் போடலாம், மருந்து மாதிரி உருண்டை பிடித்து விழுங்க வேண்டாம். மென்று மெதுவாகச் சாப்பிடுங்கள், அவசரத்தில் விழுங்கும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. ஏப்பம் வரட்டும் என்று கோலி சோடா வாங்கிக் குடிப்பது வயிற்றில் இன்னும் காற்றை நிரப்பும். பால் குடித்த பிறகெல்லாம் வயிறு ஊதுகிறது என்றால் தயிர், மோருக்கு மாறிப் பாருங்கள்.

மசக்கை

முதல் மூன்று மாதக் குமட்டல் வேறு கதை. காலையில் தலையைத் தூக்குவதற்கு முன்பே இரண்டு ரஸ்க்கோ ஒரு பிடி பொரியோ மென்று, பத்து நிமிடம் கழித்து எழுந்திருங்கள், வெறும் வயிறு குமட்டலை அதிகமாக்கும். தாளிக்கிற வாசனையே ஆகாது என்றால் அந்த வாரங்களில் அடுப்படி உங்களுக்கு வேண்டாம், சூடாக இருப்பதைவிட ஆறிய சாப்பாடு வாசனை குறைவாக இருப்பதால் இறங்கும். இஞ்சியைத் தட்டிப் போட்ட தண்ணீர் பலருக்குக் கேட்கும். பெரும்பாலும் 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கிவிடும். வாந்தி எடுத்ததும் பல் தேய்க்காமல் வாயை மட்டும் கொப்பளியுங்கள், அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம், இல்லையென்றால் அமிலத்தில் இளகிய பல் எனாமல் தேய்ந்துபோகும். இந்த மூன்று மாதங்களுக்கு ஃபோலிக் அமிலம்தான் முக்கியம், அந்தச் சின்ன மாத்திரையை விட்டுவிடாதீர்கள். குமட்டலுக்குக் கர்ப்பத்தில் கொடுக்கும் மாத்திரையும் உண்டு, கேட்டால் எழுதித் தருவார்கள். ஒரு முழு நாள் தண்ணீர்கூடத் தங்காமல் வெளியே வந்தால், சிறுநீர் அடர்மஞ்சளாகி அளவும் குறைந்தால், எடை இறங்கினால், அது மசக்கை என்று வீட்டில் கிடக்கிற நிலைமை இல்லை, குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

வாயு இல்லாத வலி

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டிலிருக்கும் எல்லோரையும் படிக்கச் சொல்லுங்கள்.

என் அத்தை மகளுக்கு எட்டாம் மாதம், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி. வாயுதான் என்று இரண்டு ராத்திரி ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பதுபோலத் தெரிந்தது, முகம் வீங்கியிருந்தது. ரத்த அழுத்தம் 170க்கு 110. அன்றைக்கே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். இருவரும் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கை நடுங்கும். 20 வாரத்துக்கு மேல் மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ விடாத வலி, கூடவே தலைவலி, பார்வை மங்கல், திடீரென்று முகமும் கையும் வீங்குவது, இதில் எது இருந்தாலும் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140க்கு 90ஐத் தொட்டாலே மருத்துவர் பார்க்க வேண்டிய அளவு அது.

அடுத்தது சூட்டு வலி. வயிறு வலித்தால் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார், அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிரசவ வலி என்பது நம் பாட்டிமார் சொல்வது. பத்தாம் மாதத்தில் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும்போது சீரகத் தண்ணீர் குடித்துப் பார்ப்பதில் தப்பில்லை, எனக்கும் அம்மா கொடுத்திருக்கிறார். ஆனால் 37 வாரம் நிறைவதற்கு முன்பு வயிறு விட்டுவிட்டு ஒரே கால இடைவெளியில் இறுகினாலோ, இடுப்பிலிருந்து முன்னால் வலி பாய்ந்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ கஷாயத்துக்கு அடுப்பு மூட்டாதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தது போலத் தோன்றினாலும் அப்படியே.

இன்னும் சில: உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் தாங்க முடியாமல் அரிப்பது, அதோடு சிறுநீர் அடர்நிறமாகவும் மலம் வெளிறியும் போவது கல்லீரலின் கோளாறாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். காய்ச்சலோடு வயிறு ஒரே பக்கம் வலிப்பது, ரத்தமாகவோ காபித்தூள் மாதிரியோ வாந்தி, மலமும் போகாமல் வாயுவும் பிரியாமல் வயிறு கல் மாதிரி ஊதுவது, எல்லாமே அன்றே காட்ட வேண்டியவை. வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தொடங்குங்கள், போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். வயிற்று வலிக்கு வீட்டில் கிடக்கும் வலி மாத்திரையையும் தொடாதீர்கள், அவற்றில் பல குழந்தைக்கு ஆகாதவை.

ஆஸ்பத்திரியில் சொல்லும்போது "கேஸ் ட்ரபிள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் அவர்களும் ஒரு சிரப்பை எழுதி அனுப்பிவிடுவார்கள். எங்கே வலி என்று விரலை வைத்துக் காட்டுங்கள். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வருகிறது, படுத்தால் கூடுகிறதா, எத்தனை நாளாக மலம் போகவில்லை, என்னென்ன மாத்திரை எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அந்தக் காலண்டர் தாளையே கையில் கொண்டு போய்க் காட்டுங்கள். மாத்திரையை எறிந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

நெஞ்செரிச்சல் பெரும்பாலும் பிரசவமான ஓரிரு நாளிலேயே போய்விடும், எனக்கு அன்றைக்கு ராத்திரியே போய்விட்டது. மலச்சிக்கல் அப்படி இல்லை. தையல் போட்டிருந்தால் முதல் தடவை போகவே பயமாக இருக்கும், இரும்பு மாத்திரையும் பிரசவத்துக்குப் பிறகு இன்னும் 180 நாள் தொடரும், பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் வேறு குறைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையில் குழந்தைத் துணியோடு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் இசப்கோல் டப்பாவையும் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வருபவர்கள் என்ன வாங்கி வர என்று கேட்டால், ஆப்பிளுக்குப் பதில் கொய்யா வாங்கி வரச் சொல்லுங்கள்.